பொய்ச் சீட்டும் மெய்ப் பறவையும்

பறவைகளைக் காணும் பொருட்டு நண்பர்கள் சிலர் கூடிப் புறப்படுவதும், புறப்பட்ட பின்னர்த் திட்டத்தை மாற்றிக்கொள்வதும் புதுமையன்று. ஏரியில் நீர் வற்றியிருக்கும். பாதை வெள்ளத்தில் அறுந்திருக்கும். எதிர்பார்த்த வண்டி வாராது போகும். ஆனால், கடல் கடந்த பொருட்காட்சிசாலை ஒன்றில், பறவை ஒன்றின் காலில் கட்டப்பட்டிருந்த சிறு சீட்டுப் பொய்யென்று தெளிந்தமையால் தேட வேண்டிய இடங்களின் பட்டியலையே மூன்று நண்பர்கள் மாற்றிக்கொண்டனர். அதன் பயனாக, 113 ஆண்டுகளாக அறிஞர் எவரும் உயிருடன் கண்டிராத ஒரு பறவையை அவர்கள் கண்டனர். 1997ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மகாராஷ்டிரத்தின் வடமேற்கு மூலையில், சாத்புரா மலையடிவாரத்தில் இது நிகழ்ந்தது. அப்பறவை காட்டுச் சிற்றாந்தை ஆகும். விஞ்ஞானிகள் அதனை அதீனே பிளூவிட்டி என்று வழங்குவர்.

நாள்தோறும் காடுகளிலும் வயல்களிலும் குறிப்பெடுக்கும் பணியாளருக்கும், மாணவருக்கு இயற்கை நூலைக் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இவ்வரலாற்றில் அறிந்துகொள்ளத் தக்கவை பல உள்ளன.

ஏழே ஏழு உடல்கள்

காட்டுச் சிற்றாந்தையை முதன்முதலில் உலகறியச் செய்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1885ஆம் ஆண்டில் இந்திய தேசியக் காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் என்ற முறையில் இவர் பெயரை யாவரும் அறிவர். இவர் அக்காலத்தில் இந்தியப் பறவைகளை ஆராய்வதில் தலைசிறந்து விளங்கினார் என்பதைச் சிலரே அறிவர். நாட்டின் பல பகுதிகளிலும் பணியாற்றிய அதிகாரிகள் இவருக்குப் பறவைகளைச் சேகரித்து அனுப்பி வந்தனர். அவர்களுள் ஒருவரான பிளூவிட் என்பவர், 1872ஆம் ஆண்டு டிசம்பரில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தின் பசுனா, புல்ஜர் பகுதியில் சுட்ட சிறிய ஆந்தை ஒன்று ஹ்யூமின் கைக்கு எட்டியது. அஃது இதுவரை அறியப்படாத இனம் என்று கண்ட ஹ்யூம், 1873ஆம் ஆண்டில் தாம் நடத்திய பறவையியல் ஏட்டில் அதனை விவரித்து, சேகரித்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

1877ஆம் ஆண்டில் வாலன்டைன் பால் என்னும் நிலவியல் அறிஞர் ஒடிசாவின் கரியார் பகுதியில் மற்றொன்றைப் பெற்றார். பின்னர், 1880ஆம் ஆண்டிற்கும் 1884ஆம் ஆண்டிற்கும் இடையில், பம்பாய் மாகாணத்துச் சிவில் அதிகாரியாகிய ஜேம்ஸ் டேவிட்சன், கான்தேசம் என்று அந்நாளில் வழங்கிய பகுதியில் ஷஹாதா, தலோதா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள காடுகளில் மேலும் சிலவற்றைச் சேகரித்தார். பொருட்காட்சிசாலைகளில் எஞ்சியவை யாவற்றையும் கூட்டினால் ஏழு உடல்களே உள. இவ்வினத்தைப் பற்றிய மனித அறிவு முழுவதும் நெடுங்காலம் வரை இவ்வேழில் அடங்கியிருந்தது. 1884க்குப் பிறகு உண்மையான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

பாடம் செய்யப்பட்ட உடலின் மதிப்பு அதன் இறகுகளில் மட்டும் இல்லை. காலில் கட்டப்பட்ட சீட்டிலும் உள்ளது. எந்த நாளில், எந்த ஊரில், எவரால் பெறப்பட்டது, ஆணா பெண்ணா என்னும் செய்திகள் அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். ஹ்யூம் இந்தியப் பறவைகளைப் பற்றி நெடுங்காலம் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளை, சிம்லாவில் அவர் இல்லாத காலத்தில், வேலையாள் ஒருவன் கடைத்தெருவில் பழங்காகிதமாக விற்றுவிட்டான். அவ்விழப்பினால் மனம் சோர்ந்த ஹ்யூம் பறவை ஆராய்ச்சியையே கைவிட்டார். தம் பெருஞ்சேகரத்தை 1885ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்கு வழங்கிவிட்டார். காகிதங்கள் அழிந்தன, ஆயினும் சீட்டுகள் உடல்களோடு கட்டுண்டு கிடந்தமையால் அவற்றில் எழுதியவை பிழைத்தன.

1914ஆம் ஆண்டின் சீட்டு

அவ்வேழு உடல்களில் ஒன்றின் சீட்டு மட்டும் வேறு கதையைக் கூறிற்று. கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி, 1914ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், குஜராத்தில் தப்தி நதிக்கரையிலுள்ள மாண்டவியில் அப்பறவையைத் தாமே பெற்றதாக எழுதியிருந்தார். பறவை நூலோர் நடுவே அவருக்கு இருந்த செல்வாக்குப் பெரிது. ஏறக்குறைய 20,000 உடல்கள் அடங்கிய தம் சேகரத்தை 1954ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலைக்கு வழங்கியவர் அவர். எனவே அச்சீட்டை ஐயுறுவார் இல்லை.

அதனால் விளைந்த தீங்குகள் இரண்டு. 1884இல் மறைந்த பறவை 1914இலும் உயிருடன் இருந்தது என்னும் எண்ணம் நூல்களில் இடம்பெற்றது. இது காலத்தைப் பற்றிய பிழை. பறவையைத் தேடுவோர் மாண்டவிக்குச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது. இஃது இடத்தைப் பற்றிய பிழை. தொலைந்த பொருளைத் தேடுபவர், அது கடைசியாகக் காணப்பட்ட இடத்தை நாடுவது இயல்பன்றோ? அச்சீட்டை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர். இடையிடையே பறவையைக் கண்டதாக வந்த செய்திகளும், ஆராய்ந்தபோது, எங்கும் காணப்படும் புள்ளி ஆந்தையையே குறித்தன. இவ்வினம் அழிந்தே போயிற்று என்று கருதியவர் பலர்.

இந்நிலையில், 1993ஆம் ஆண்டில் ஆலன் நாக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர், மைனர்ட்ஸ்ஹாகன் சேகரத்திலுள்ள வேறொரு சிறு பறவை இனத்தின் உடல்களை ஆராய்ந்து, அவற்றுட் சில பிறர் சேகரித்தவை என்றும், திருடப்பட்டுப் புதுச் சீட்டுக் கட்டப்பட்டவை என்றும் எழுதினார். 1919ஆம் ஆண்டிலேயே பொருட்காட்சிசாலையின் பறவை அறைக்குள் மைனர்ட்ஸ்ஹாகன் நுழையலாகாது என்று சில காலம் தடை விதிக்கப்பட்டிருந்த பழஞ்செய்தியும் நினைவுக்கு வந்தது. அவர் 1967ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார். கேட்டுத் தெளிவதற்கு ஆள் இல்லை. எஞ்சியிருந்த சாட்சிகள் அவ்வுடல்களே.

உடலில் எழுதிய கையெழுத்து

அச்சமயம், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பமேலா ராஸ்முஸ்ஸன் அம்மையார், அறிஞர் டில்லன் ரிப்ளே தொடங்கிய தெற்காசியப் பறவை நூலுக்காக உழைத்து வந்தார். ஒவ்வோர் இனமும் எங்கெங்கு வாழ்கின்றது என்று வரைபடம் தீட்ட வேண்டுமாயின், ஒவ்வொரு சீட்டும் மெய்யா பொய்யா என்பது தெரிந்தாக வேண்டும். ஆகவே அவரும், ஆங்கில அறிஞர் நைஜல் காலரும், மாண்டவிச் சீட்டுக்குரிய காட்டுச் சிற்றாந்தையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டனர்.

பறவையின் உடலைப் பாடம் செய்யும் தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி வழக்கம் உண்டு. தோலை எங்கே கீறுவது, சிறகெலும்புகளை எப்படி வைப்பது, பஞ்சை எவ்வாறு திணிப்பது, தையலை எப்படி இடுவது என்பனவெல்லாம் கைப்பழக்கத்தால் அமைபவை. ஒருவர் கையெழுத்து மற்றவருக்கு வாராதது போலவே, ஒருவர் பாடம் செய்த முறையும் மற்றவருக்கு வாராது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தால், இறகுகளைக் கலைக்காமலே உள்ளமைப்பைக் காணலாம்.

அவ்வாறு ஆராய்ந்ததில், மாண்டவிப் பறவையில் ஜேம்ஸ் டேவிட்சனுடைய கைமுறை தெளிவாகத் தெரிந்தது. உடல் ஒருமுறை திறக்கப்பட்டு, மீண்டும் திணிக்கப்பட்டிருந்த அடையாளங்களும் காணப்பட்டன. டேவிட்சன் 1880களில் கான்தேசத்தில் பெற்று, பின்னர்ப் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையை அடைந்த உடல்களுள் ஒன்றே அது. அங்கிருந்து திருடப்பட்டு, பழைய சீட்டு நீக்கப்பட்டு, மாண்டவி என்றும் 1914 என்றும் எழுதிய புதுச் சீட்டுக் கட்டப்பட்டிருந்தது. இவ்வாராய்ச்சியின் முழு விவரமும் 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

திட்டம் மாறியது

சீட்டுப் பொய்யென்று தெளிந்ததும் தேடலின் கணக்கே மாறிவிட்டது. ஒருபுறம் நம்பிக்கை குறைந்தது. பறவை கடைசியாகக் கிடைத்தது 1914இல் அன்று, 1884இல் என்றாயிற்று. காணாத காலம் இன்னும் முப்பது ஆண்டுகள் நீண்டது. மறுபுறம் வழி தெளிந்தது. மாண்டவி பட்டியலிலிருந்து நீங்கியது. எஞ்சியவை, கிழக்கே சத்தீஸ்கர், ஒடிசாப் பகுதிகளில் உள்ள பழைய இடங்களும், மேற்கே கான்தேசமுமே. நம்பிக்கை தரும் பொய்யைக் காட்டிலும், நம்பிக்கையைக் குறைக்கும் மெய் தேடுவோருக்கு உதவிற்று என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

1997ஆம் ஆண்டு நவம்பரில் ராஸ்முஸ்ஸன் அம்மையார் இந்தியா வந்தார். தென்கிழக்காசியப் பறவைகளுக்குக் கையேடு எழுதியவரும், காடுகளில் பறவைகளைக் கண்டறிவதில் நெடிய பழக்கம் உள்ளவருமான பென் கிங்கும், டேவிட் அப்பட் என்னும் நண்பரும் உடன் வந்தனர். முதலில் கிழக்குப் பகுதியில் தேடினர். பலன் இல்லை. பின்னர் மேற்கே ஷஹாதாவை நோக்கித் திரும்பினர்.

அங்கும் ஏமாற்றம் காத்திருந்தது. டேவிட்சன் காலத்தில் சமவெளியிலும் காடு இருந்தது. ஒரு நூற்றாண்டில் அச்சமவெளிக் காடுகள் வெட்டப்பட்டு வயல்களாகிவிட்டன. சீட்டில் எழுதிய ஊர்ப்பெயர் உண்மையே; ஆனால் அவ்வூரைச் சூழ்ந்திருந்த காடுதான் இல்லை. ஆகவே சமவெளியை விட்டு, காடு எஞ்சியிருந்த சாத்புரா அடிவாரத்தில் தேடலாயினர்.

நவம்பர் 25ஆம் நாள் காலையில், இலையுதிர்ந்த மரமொன்றில் சிறிய ஆந்தை ஒன்று வெயிலில் அமர்ந்திருப்பதைப் பென் கிங் கண்டார். வழக்கமான புள்ளி ஆந்தையோ என்று எவரும் முதலில் நினைக்கத் தக்க தோற்றமே அது. ஆனால் அதன் தலையில் புள்ளிகள் இல்லை. மார்பின் மேற்பகுதி ஒரே பழுப்பாக இருந்தது. கால்களில் வெண்ணிற இறகுகள் அடர்ந்திருந்தன. பறவை பறந்துவிடுமோ என்னும் அச்சத்திடையே, ஒவ்வோர் அடையாளத்தையும் பார்த்து ஒப்பிட்டு, நிழற்படமும் சலனப்படமும் எடுத்தனர். இரண்டாவது பறவையும் காணப்பட்டது. பறவையைச் சுட்டு வீழ்த்த வேண்டிய தேவை எழவில்லை. படங்களே போதிய சான்றாயின.

பகலில் விழித்திருக்கும் ஆந்தை

நம் ஊர்ப்புறங்களில், மரப்பொந்துகளிலும் பழங்கட்டடங்களிலும் வாழ்ந்து, அந்தியில் கீச்சிட்டுச் சண்டையிடுவது போல் ஒலி எழுப்பும் புள்ளி ஆந்தையைப் பலரும் அறிவர். காட்டுச் சிற்றாந்தையை அதனோடு ஒப்பிட்டு அறிவதே எளிது. புள்ளி ஆந்தை ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. காட்டுச் சிற்றாந்தை ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். புள்ளி ஆந்தையின் தலையிலும் முதுகிலும் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். காட்டுச் சிற்றாந்தையின் தலையும் முதுகும் பெரும்பாலும் புள்ளியற்ற சாம்பற்பழுப்பு நிறம் உடையவை. இதன் தலையும் அலகும் பெரியவை. சிறகிலும் வாலிலும் அகன்ற கரும்பழுப்புப் பட்டைகளும் வெண்பட்டைகளும் மாறிமாறி அமைந்திருக்கும். அடிவயிறு வெண்மையாக இருக்கும்.

ஆந்தை என்றவுடன் இரவையே நினைப்போம். இப்பறவையோ பெரிதும் பகலில் இயங்குவது. காலைப் பொழுதில் உயர்ந்த கிளைகளில் வெளிப்படையாக அமர்ந்து, பல்லி, ஓணான், எலி, பூச்சி முதலியவற்றை வேட்டையாடும். தேக்கு மிகுந்த வறண்ட இலையுதிர் காடுகள் இதன் இருப்பிடம். முதிர்ந்த மரங்களின் பொந்துகளில் முட்டையிடும். ஆகவே பெருமரங்கள் வெட்டப்படும் இடத்தில் இதற்குக் கூடு இல்லை. காடு முழுவதும் திருத்தப்படும் இடத்தில் இரையும் இல்லை.

கண்டபின் நிகழ்ந்தவை

எங்கே தேடுவது, எப்பொழுது தேடுவது, எவ்வாறு அடையாளம் காண்பது என்னும் மூன்றும் தெரிந்தபின் தேடல் எளிதாயிற்று. இந்திய ஆராய்ச்சியாளர்களான பாரா இஷ்டியாக், ஆசாத் ரஹ்மானி ஆகியோர் அடுத்த ஆண்டுகளில் காடுகாடாகச் சென்று ஆராய்ந்து, வட மகாராஷ்டிரத்திலும் தென்மேற்கு மத்தியப் பிரதேசத்திலும் நான்கு இடங்களில் 25 பறவைகளைக் கண்டதாக 2000ஆம் ஆண்டில் எழுதினர். மகாராஷ்டிரத்தின் மேல்காட் காடுகள் இதன் முக்கிய இருப்பிடங்களுள் ஒன்றென்று தெரிய வந்தது. 2014ஆம் ஆண்டில் மும்பைக்கு வடக்கே தான்சா சரணாலயத்திலும், பின்னர்க் குஜராத்தின் டாங் பகுதிக் காடுகளிலும் இது காணப்பட்டது. குஜராத்தில் பறவை உண்டு என்பது மெய்யாயிற்றே எனச் சிலர் கூறலாம். ஆயினும் அதனை மெய்யாக்கியவை பிற்காலத்தாரின் நேரிய குறிப்புகளே அன்றி, 1914 என்று எழுதிய சீட்டு அன்று.

அழிவின் விளிம்பில் உள்ளது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முன்னர் வகைப்படுத்தியிருந்த இவ்வினம், புதிய இடங்கள் தெரிந்தமையால், 2018ஆம் ஆண்டில் ஒரு படி கீழிறக்கப்பட்டு, அழிவை எதிர்நோக்கியுள்ள இனங்களின் வரிசையில் வைக்கப்பட்டது. இனப்பெருக்கத்திற்குரிய பறவைகள் ஆயிரத்திற்கும் குறைவே என்பது அவ்வொன்றியத்தின் மதிப்பீடு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இதற்கு இடம் தரப்பட்டுள்ளது. காடு திருத்தல், மரம் வெட்டல், காட்டுத்தீ, மூடநம்பிக்கையால் ஆந்தைகளைப் பிடித்தல் ஆகியவை இன்றும் இதனை அச்சுறுத்துகின்றன.

மைனர்ட்ஸ்ஹாகன் பெயரில் இருந்த பிற இந்தியப் பறவைக் குறிப்புகளும் தொடர்ந்து ஆராயப்பட்டன. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த தெற்காசியப் பறவை நூலில், அவர் ஒருவர் சொல்லை மட்டுமே சான்றாகக் கொண்டிருந்த பல செய்திகள் ஏற்கப்படவில்லை. ஒருவர் எழுதிய பொய், அவர் எழுதிய மெய்களின் மதிப்பையும் அழித்துவிட்டது.

குறிப்பேட்டின் கடமை

காடுகளைக் காப்பதற்குரிய பணமும் ஆளும் அளவிற்குட்பட்டவை. எந்தக் காட்டை முதலில் காப்பது என்னும் முடிவு, எங்கே எது வாழ்கிறது என்னும் குறிப்பைப் பொறுத்தது. குறிப்புத் தவறாயின், காவல் தவறான இடத்திற்குச் செல்லும். காக்கப்பட வேண்டிய காடு அதற்குள் வயலாகிவிடும். ஷஹாதாச் சமவெளியில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கே காடு இருந்த காலத்தில் எவரும் தேடவில்லை. தேடியபோது காடு இல்லை.

ஆகவே களப்பணியாளர் தம் குறிப்பேட்டில் நான்கு செய்திகளைத் தவறாது எழுதுதல் வேண்டும். கண்ட நாளும் நேரமும் முதலாவது. இடம் இரண்டாவது, ஊர்ப்பெயரோடு நில்லாமல், அருகிலுள்ள ஓடை, குன்று, சாலைக்கல் ஆகியவற்றையும் குறித்தால், காடு மறைந்தாலும் இடம் மறையாது. கண்டவர் பெயர் மூன்றாவது. பிறர் சொல்லக் கேட்டதாயின் கேட்டது என்றே எழுதுதல் வேண்டும். எந்த அடையாளத்தால் அவ்வினம் என்று கொள்ளப்பட்டது என்பது நான்காவது. தலையில் புள்ளி இல்லை என்னும் ஒரு வரி, வெறும் பெயரைக் காட்டிலும் மதிப்புடையது. பெயரில் பிழை இருப்பினும், பின்வருவோர் அவ்வரியைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். காணாத நாளையும் எழுதுதல் நன்று. தேடியும் காணவில்லை என்பதும் ஒரு செய்தியே.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே பழக்கலாம். வாரம் ஒரு நாள் மாணவர்களைப் பள்ளித் தோட்டத்திற்கோ ஊர் ஏரிக்கோ அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் ஒரே பறவையைத் தனித்தனியே பார்த்து எழுதச் செய்து, பின்னர் அக்குறிப்புகளை ஒப்பிட்டுக் காட்டலாம். ஒருவன் கண்டதை மற்றவன் காணாதிருப்பான். இருவரும் காணாததை இருவரும் எழுதியிருந்தால், அஃது அண்டை வீட்டுக் குறிப்பேட்டிலிருந்து வந்தது என்பது எளிதில் புலப்படும். அச்சிறுவனைக் கடிந்துகொள்வதற்கு முன், மாண்டவிச் சீட்டின் கதையை வகுப்பு முழுவதற்கும் கூறினால், பாடம் அவர்கள் மனத்தில் நெடுநாள் தங்கும்.